மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார்

பிறர் படும் துன்பத்தைக் கண்டு கண்ணீர் வடிப்போர் உலகிற் பலர். அத்துன்பத்தைத் துடைக்கத் தம்மால் இயன்றதைச் செய்வோர் சிலர். அத்துன்பம் இனி எவரையும் வருத்தாதிருக்க வழி யாது என்று எண்ணி, அவ்வழி கண்டு முடிக்கும்வரை ஓயாது உழைப்போர் மிகச் சிலரே ஆவர். அம்மிகச் சிலருள் ஒருவராய்த் தமிழ்நாட்டில் விளங்கியவர் மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார். தம் தங்கையின் உயிரைக் கவர்ந்த கொடுநோயை எதிர்த்து நிற்கும் கோட்டை ஒன்றைச் சென்னை அடையாற்றில் அவர் எழுப்பினார். அக்கோட்டையை எழுப்பிக் காண்பதற்கு அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். பொறுமையும் துணிவும் ஓருருவாய் வந்த அப்பெருமாட்டியின் வரலாறு, கற்று நெஞ்சில் நிறுத்தத் தக்கது.

பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டை, அந்நாளில் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி அரசு ஆகும். அதன் தலைநகரில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராசா கல்லூரியின் தலைவராக விளங்கிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசையை வளர்த்த வேளாளர் குடியிற் பிறந்தவர். அக்குடிப் பெண்களுட் சிலரை இளமையிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவ்வழக்கத்தால் பெண்கள் அடைந்த இழிவையும் துயரையும் முத்துலட்சுமி சிறுமியாய் இருந்தபோதே அறிந்திருந்தார்.

பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த காலம் அது. பள்ளிக்குச் சென்ற சிறுமியரும் பருவம் எய்தியதும் வீட்டிற்குள் நிறுத்தப்பெறுவர். பின்னர் அவர்க்கு உரியவை அடுக்களையும் திருமணமுமே. முத்துலட்சுமியும் பருவம் எய்தியதும் பள்ளியை விட்டு நின்றார். ஆயினும் கல்வியை விட்டாரல்லர். வீட்டிலிருந்தவாறே பாடங்களைக் கற்று, 1902-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அதன்பின் அவர் தம் ஊர்க் கல்லூரியில் சேர விரும்பினார். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் பெண் ஒருத்தி அடியெடுத்து வைப்பதா என்று பலர் சினந்தனர். மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று அஞ்சினோரும் இருந்தனர். எனினும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவு அளித்தார். வகுப்பறையில் மாணவர்களின் கண்ணிற் படாதவாறு திரையிட்டு மறைத்த இடத்தில் அமர்ந்தே அவர் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. திரை அவர் உருவத்தை மறைத்தது. அவர்தம் அறிவை மறைக்க அத்திரையால் இயலவில்லை.

மருத்துவக் கல்வி

1907-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இயல்பாகவே மெலிந்த உடல். பார்வைக் குறை வேறு. இவ்விரண்டையும் பொருட்படுத்தாது அவர் இரவும் பகலும் பயின்றார். பெண்களால் அறுவை மருத்துவத்தைத் திறம்படக் கற்க இயலாது என்று கருதிய ஆசிரியரும் பின்னர் வியந்து பாராட்டும் வண்ணம் தேர்வுகளில் சிறந்து விளங்கினார். 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராய்ப் பணியேற்றார். அப்பணியை அங்கு ஏற்ற முதற் பெண்மணி அவரே.

1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்னும் மருத்துவரை அவர் மணந்தார். மணத்திற்கு முன்பே அம்மையார் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தம்மைத் தமக்கு நிகராக மதித்தல் வேண்டும் என்பதும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்பதுமே அது. சுந்தர ரெட்டியார் அதற்கு மனமுவந்து இசைந்தார்; இறுதிவரை அச்சொல் தவறாது ஒழுகினார். இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் மக்கள் இருவர் பிறந்தனர்.

தங்கையின் மறைவு

மருத்துவத் தொழிலில் அம்மையாரின் புகழ் நாளும் வளர்ந்தது. அந்நிலையில் பெருந்துயர் ஒன்று அவர் இல்லம் தேடி வந்தது. அவருடைய அன்புத் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. அம்மையார் தங்கையைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பேணினார். தாம் கற்ற மருத்துவம் அனைத்தையும் பயன்படுத்தினார். தம்மினும் மூத்த மருத்துவர் பலரையும் கலந்து பார்த்தார். எதுவும் பயன் தரவில்லை. நாள்தோறும் உடல் உருகி, நோவு பொறுக்கலாற்றாது துடித்து, 1923-ஆம் ஆண்டில் அத்தங்கை அவர் கண் முன்னரே உயிர் நீத்தார்.

எத்துணையோ பேரைக் காத்த கை, உடன்பிறந்தாளைக் காக்க இயலாது சோர்ந்தது. பிறராயின் அத்துயரைக் காலப்போக்கில் மறந்திருப்பர். அல்லது ஊழ் என்று கூறி அமைதி அடைந்திருப்பர். அம்மையார் மறக்கவும் இல்லை. அமைதி அடையவும் இல்லை. மருத்துவர் வீட்டிலேயே இந்நிலை என்றால், மருத்துவரைக் கண்டறியாத சிற்றூர் ஏழைகளின் நிலை யாதாகும் என்னும் வினா அவர் நெஞ்சை அறுத்தது. அவ்வினாவே அவர்தம் பிற்கால வாழ்க்கைக்கு வித்தாயிற்று.

1925-ஆம் ஆண்டில் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் பயில அரசினர் உதவிபெற்று அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே இலண்டன் மாநகரில் புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையைக் கண்டார். அறுவையாலும் ரேடியம் முதலியவற்றின் கதிராலும் அந்நோயைத் தணிக்கும் முறைகளை உற்று நோக்கினார். நோய் தொடக்கத்திலேயே அறியப்படின் பலர் பிழைக்கின்றனர் என்பதை உணர்ந்தார். இத்தகைய மருத்துவமனை ஒன்று தம் நாட்டிலும் தோன்ற வேண்டும் என்னும் உறுதி அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பொதுப்பணி

தாயகம் திரும்பிய அம்மையாரை நாடு வேறொரு பணிக்கு அழைத்தது. 1926-ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு உறுப்பினராக அமர்த்தப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. அவையினர் அவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே அயராது போராடினார். அவர் முயற்சியால் 1929-ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தின் வேரை அசைக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அவ்வழக்கத்தை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டில் வந்தது. 1930-ஆம் ஆண்டில் உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறைப்பட்ட செய்தி கேட்டதும், அம்மையார் தம் பதவியைத் துறந்தார்.

பின்னர், போக்கிடமற்ற இளம்பெண்கள் சிலர் அவர் இல்லத்தின் வாயிலில் வந்து அடைக்கலம் கேட்டனர். வேறு விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்திருந்தன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அவ்வாறு 1930-களின் தொடக்கத்தில் தோன்றியதே ஔவை இல்லம். ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் உண்டும் உடுத்தும் கற்றும் உயர்வதற்கு அது தாய்வீடு ஆயிற்று.

இத்தனை பணிகளுக்கு இடையிலும் தங்கையின் நோய்ப்படுக்கை அவர் நினைவை விட்டு அகலவில்லை.

மூடிய கதவுகள்

அக்காலத்தில் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர். அஃது ஒட்டிக்கொள்ளும் நோய் என்று கருதினோர் பலர். முன்வினைப் பயன் என்று எண்ணினோர் பலர். வீட்டில் ஒருவர்க்கு அந்நோய் வந்தால் அதனை வெளியில் சொல்லாது மறைப்பர். மறைத்து வைத்த நோய் வளரும். வளர்ந்த நோயை மருத்துவரிடம் காட்டும்போது காலம் கடந்திருக்கும். நோயாளி இறப்பார். அது கண்டு, புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்று ஊரார் பின்னும் உறுதியாக நம்புவர். அறியாமை அச்சத்தை வளர்க்க, அச்சம் நோயை வளர்க்க, நோய் மீண்டும் அறியாமையை வளர்த்தது.

நாட்டில் அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் இடங்களும் மிகக் குறைவு. 1934-ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பெற்றது. 1941-ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஆயினும் நோயைக் கண்டறிதல், அறுவை செய்தல், கதிர் மருத்துவம் செய்தல், ஆராய்தல், கற்பித்தல் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் செய்யும் தனி நிலையம் தென்னாட்டில் இல்லை.

1935-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் பேசிய அம்மையார், தென்னாட்டிற்குப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் தம் கருத்தை வெளியிட்டார். கேட்டோர் கைதட்டினர், ஆனால் கைகொடுத்தோர் இலர். ஆட்சியில் இருந்தோரை அவர் பன்முறை அணுகினார். பிழைக்க வழியில்லாத நோயாளிகளுக்காகப் பெரும்பொருள் செலவிடுவது வீண் என்பதே அவர்களுட் பலரின் எண்ணமாக இருந்தது. காலரா, அம்மை, காசநோய் முதலியன மக்களை வாரிக்கொண்டு சென்ற காலம் ஆதலின், அவ்வெண்ணம் முற்றிலும் கொடிதென்றும் கூறுதற்கில்லை. ஆயினும் அம்மையார் அதனை ஏற்கவில்லை. இறப்பவர் பலர் என்பது மருத்துவமனை வேண்டாமைக்குக் காரணம் ஆகாது. அதுவே மருத்துவமனை வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகும் என்று அவர் வாதிட்டார்.

அரசின் கதவு திறவாமை கண்ட அவர் மக்களின் கதவைத் தட்டினார். அடையாற்றில் 1917-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் சார்பில், 1949-ஆம் ஆண்டில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பெற்றது. செல்வரும் எளியரும் தத்தமக்கு இயன்றதை அளித்தனர். சிறுதுளி பெருவெள்ளம் ஆயிற்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் தலைமையமைச்சர் சவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்.

பன்னிரண்டு படுக்கைகள்

1954-ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 18-ஆம் நாள் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. மாடமாளிகை எதுவும் அங்கே இல்லை. சிறு கட்டடமும் கூரை வேய்ந்த குடில்களுமே இருந்தன. படுக்கைகள் 12. மருத்துவரும் செவிலியரும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அப்பொழுது அம்மையாரின் அகவை அறுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. பிறர் ஓய்வை நாடும் வயதில் அவர் புதிய பணி ஒன்றைத் தொடங்கினார்.

அவருக்கு இரு தூண்களாய் நின்றோர் இருவர். ஒருவர், புற்றுநோய் மருத்துவத்தை வெளிநாடுகளிற் பயின்று திரும்பிய அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. மற்றொருவர் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண்மணி. அரசு மருத்துவமனையில் நிலையான பணி கிடைத்திருந்தும், அதனை ஏலாது இக்குடில் மருத்துவமனையைத் தேர்ந்துகொண்டவர் அவர். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அந்நிலைய வளாகத்திலேயே குடியேறிய சாந்தா அம்மையார், 2021-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறையும்வரை அந்நிலையத்திற்கே தம்மை ஒப்படைத்து வாழ்ந்தார்.

கதிர் மருத்துவம்

புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்து புகும் பகையன்று. நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆயது. அவை அளவறிந்து பெருகும். காலம் அறிந்து மடியும். அவற்றுள் சில நெறி பிறழ்ந்து, அடக்குவாரின்றிப் பெருகி, பக்கத்து உறுப்புகளையும் பற்றிப் படர்வதே புற்றுநோய். எனவே இந்நோயில் பகையும் நாமே, பகைப்புலமும் நாமே. நல்ல அணுக்களைக் காத்துத் தீய அணுக்களை மட்டும் அழிப்பதே மருத்துவர்க்கு எக்காலத்தும் உள்ள இடர்ப்பாடு.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கக் கிடைத்த கருவிகளுள் ஒன்று கதிர். 1895-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராண்ட்சன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1898-ஆம் ஆண்டில் கியூரி அம்மையாரும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டனர். இக்கதிர்கள் உயிரணுவின் உட்கருவைத் தாக்கும். விரைந்து பெருகும் அணுக்களை மிகுதியும் அழிக்கும். ஆயின் ரேடியம் கிடைத்தற்கு அரியது; விலையும் பெரிது. 1951-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் கோபால்ட்டு-60 என்னும் கதிரியக்கப் பொருளைக்கொண்டு உடலின் ஆழத்தே உள்ள கட்டிகளையும் தாக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அணுவுலையில் செய்யப்படும் இப்பொருள் ரேடியத்தினும் மலிவானது; இதனினின்று எழும் காமாக் கதிர் ஆற்றல் மிக்கது. இதன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஆகவே உரிய காலத்தில் புதிய பொருளை மாற்றி வைத்தல் வேண்டும்.

அத்தகைய கோபால்ட்டுக் கருவி 1956-ஆம் ஆண்டில் அடையாற்று நிலையத்தில் நிறுவப்பெற்றது. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதற் கோபால்ட்டுக் கருவி அதுவே. உலகிற் புதிதாய்த் தோன்றிய அரிய மருத்துவம் ஒன்று, ஐந்தே ஆண்டுகளில், கூரைக் குடில்களில் தொடங்கிய ஓர் அறநிலையத்தை வந்து அடைந்தது. செல்வர்க்கே உரியதாயிருந்த மருத்துவம் ஏழையின் படுக்கையருகே வந்து நின்றது.

கதிரைக் கையாளுதல் எளிதன்று. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், அச்சங்குளம் முதலிய ஊர்ப்புறங்களில் பட்டாசுத் தொழில் நடைபெறுவதை யாவரும் அறிவர். வெடியினுள் இடும் கலவையை அத்தொழிலாளர் மருந்து என்றே வழங்குவர். அளவறிந்து கலந்து, காவலோடு கையாண்டால், அம்மருந்து தீபாவளி இரவில் ஒளிப்பூவாய் மலரும். அளவோ காவலோ பிறழ்ந்தால் அதுவே உயிர் குடிக்கும். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் உழைத்துண்ணும் ஏழை மக்கள் பலர் மாண்டதை நாடு அறியும். கதிரும் அத்தகைய மருந்தே. அதனை அளவின்றி ஏற்ற முன்னோடிகள் பலர் அதனாலேயே நோயுற்றனர். கியூரி அம்மையாரும் கதிரின் தாக்குதலால் குருதி குன்றி 1934-ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆதலின் கதிர் மருத்துவம் அளவையும் காவலையும் இரு கண்களாகக் கொண்டது. கருவியைச் சுற்றித் தடித்த கற்காரைச் சுவர் எழுப்புவர். ஈயத்தால் கதிரைத் தடுப்பர். கட்டி உள்ள இடத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டு, பல திசைகளிலிருந்தும் கதிர் அங்கே ஒருங்கு குவியுமாறு செலுத்துவர். வேண்டிய கதிர் முழுவதையும் ஒரே நாளில் செலுத்தாது, பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து அளிப்பர். இடையிடையே கிடைக்கும் ஓய்வில் நல்ல அணுக்கள் தேறிக்கொள்ளும். தீய அணுக்கள் அவ்வாறு தேறமாட்டாமல் மடியும். மருத்துவரேயன்றிக் கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியல் அறிஞரும் இப்பணிக்கு இன்றியமையாதவர் ஆவர்.

நிறைவாழ்வு

கோபால்ட்டுக் கருவி வந்த 1956-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்துப் பெருமை கொண்டது. விருது கண்டு அவர் செருக்கவில்லை. முதுமை கண்டு சோரவும் இல்லை. நிலையத்தின் வளர்ச்சியையும் ஔவை இல்லத்துப் பிள்ளைகளின் நலத்தையும் இறுதிவரை பேணிவந்தார். 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

அவர் நட்ட செடி ஆலமரமாய் வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டில் இந்திய அரசு அடையாற்று நிலையத்தை வட்டாரப் புற்றுநோய் மையமாக ஏற்றது. 2005-ஆம் ஆண்டில் டாக்டர் சாந்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

அம்மையார்க்குப் பின்

அம்மையார் மறைந்த பின்னர்ப் புற்றுநோய் மருத்துவம் புதியதொரு திசையிற் சென்றது. நம் குருதியில் எதிர்ப்பொருள் என்னும் புரதங்கள் உள்ளன. உடலினுள் புகும் நோய்க்கிருமியையும் நஞ்சையும் அவை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்கு உரிய ஒன்றனையே பற்றும். 1890-ஆம் ஆண்டில் செருமானியரான பேரிங்கும் சப்பானியரான கிட்டசாட்டோவும் இவ்வாற்றலைத் தொண்டையடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றை எதிர்க்கப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். ஆயினும் புற்றணுவை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு செய்துகொள்ளும் வழி நெடுநாள் வரை புலப்படவில்லை.

1975-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் அவ்வழியைக் கண்டனர். எதிர்ப்பொருளைச் செய்யும் எலியின் அணுவோடு, சாவின்றிப் பெருகும் புற்றணு ஒன்றை அவர்கள் இணைத்தனர். பிறந்த கலப்பணு, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது சுரந்தது. புற்றின் சாவாமையையே புற்றுக்குப் பகையாக்கிய அவ்வறிவு வியத்தற்குரியது அன்றோ! அவ்விருவரும் 1984-ஆம் ஆண்டில் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இம்முறையிற் பிறந்த மருந்துகள் 1997-ஆம் ஆண்டில் நிணநீர்ப் புற்றுக்கும், 1998-ஆம் ஆண்டில் மார்பகப் புற்றின் ஒருவகைக்கும் அமெரிக்காவில் இசைவு பெற்றன. எதிர்ப்பொருளோடு கதிரியக்கப் பொருளைப் பிணைத்து, கதிரைப் புற்றணுவின் வாயிலுக்கே கொண்டு சேர்க்கும் மருந்து ஒன்றும் 2002-ஆம் ஆண்டில் அங்கு இசைவு பெற்றது. வெளியிலிருந்து செலுத்திய கதிர், இவ்வாறு உள்ளிருந்தும் தொழிற்படலாயிற்று.

இவை அரிய வெற்றிகளே. ஆயினும் இவை எல்லாப் புற்றையும் தீர்ப்பன அல்ல. விலையோ எளியோர் எட்டும் அளவினதன்று. 2007-ஆம் ஆண்டில் இந்திய நிறுவனம் ஒன்று, நிணநீர்ப் புற்றுக்குரிய எதிர்ப்பொருள் மருந்தைப் போன்ற மருந்தை இந்நாட்டிலேயே செய்து குறைந்த விலையில் வெளியிட்டது. அதன் பின்னும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இத்தகைய மருத்துவம் பெருஞ்சுமையாகவே உள்ளது. தங்கையை இழந்த அன்று அம்மையார் நெஞ்சில் எழுந்த வினா, இன்றும் விடை வேண்டி நிற்கிறது.

அறிஞர் ஆய்வுக்கூடத்தில் மருந்தைக் காண்பர். அதனை நோயாளியின் படுக்கைவரை கொண்டு சேர்க்க வேறோர் ஆற்றல் வேண்டும். அது பணத்தால் மட்டும் வருவதன்று; பிறர் நோயைத் தம் நோயாகக் கருதும் பண்பால் வருவது. அப்பண்பு முத்துலட்சுமி அம்மையாரிடம் நிறைந்திருந்தது. அவர்வழி நிற்க விரும்புவோர் பெரிய மருத்துவமனையைக் கட்டித்தான் தீர வேண்டும் என்பதில்லை. ஆறாத புண், காரணமின்றித் தோன்றும் கட்டி, இயல்புக்கு மாறான குருதிப்போக்கு ஆகியவற்றை வீட்டில் எவரேனும் நாணத்தாலோ அச்சத்தாலோ மறைப்பாராயின், அவரை அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். புகையிலையைத் தாமும் தொடாது, பிறர்க்கும் அதன் தீமையை எடுத்துரைக்கலாம். புற்றுநோயாளியைத் தீண்டினால் நோய் ஒட்டாது என்பதை அறிந்து, அவர் அருகில் அமர்ந்து ஆறுதல் கூறலாம். அவ்வாறு ஓர் உயிர் காக்கப்பெறும் ஒவ்வொரு வீட்டிலும், அம்மையாரின் முப்பதாண்டுத் தவம் மேலும் ஒருமுறை பலன் அளித்ததாகும்.